மாடியறையில் ஒரு பெண்

நாவலாசிரியரின் மனச்சாய்வைக் கதாநாயகியைவிடச் சிறு பாத்திரங்களே நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன. ஷார்லட் பிராண்டி 1847-இல் வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவலில், ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா ஜமைக்காத் தீவினள். பித்துப் பிடித்தவளென்று மாடியறையில் பூட்டப்பட்டவள். அப்பித்து அவளுடைய கிரியோல் தாய்வழி வந்ததென்கிறான் கணவன். தன் கதையைத் தானே சொல்ல அவளுக்கு இடமில்லை. ஜேன் அவளை அவ்வறையில் காணுமிடத்தில், முதலில் வரும் சுட்டுச்சொல் அஃறிணைக்குரியது! மொழிபெயர்ப்போராகிய நாம் இங்கே தயங்குகிறோம். 'அவள்' என்றால் தமிழுக்கு நாகரிகம். மூலத்தின் அருவருப்போ மறைந்துபோகும். 'அது' என்றே எழுதவேண்டுமென்பது நம் கருத்து.

டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966-இல் 'வைட் சர்காசோ சீ' நாவலில் அவளையே பேசவைத்தார். அங்கே அவள் பெயர் ஆன்டுவனெட். பெர்த்தா என்பது கணவன் இட்ட பெயர்.