நாடி எண்ணுதலும் முதற்சிகிச்சையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வைத்தியன் அல்லாத யான் இவ்விஷயத்தைப் பேச முன்வந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. சில வருஷங்களுக்கு முன் என் இல்லத்தில் ஒரு சிறுமியின் முன்கையில் கொதிக்கும் வடிகஞ்சி சிந்திற்று. குழந்தை அலறிய மாத்திரத்தில் ஒருவர் பேனா மையை ஊற்றினார். மற்றொருவர் பற்பசையைத் தடவினார். யானோ ஏதோ சிகிச்சை நடக்கிறதென்று ஆறுதலடைந்து நின்றேன். வைத்தியர் அவ்விரண்டையும் கழுவி நீக்கிய பின்னரே புண்ணின் ஆழத்தைக் காணக் கூடியதாயிற்று. அப்போது அக்குழந்தை பட்ட பாட்டை இன்னும் மறந்தேனில்லை. தண்ணீர்க் குழாயோ ஐந்தடி தூரத்தில் இருந்தது!

செய்திருக்க வேண்டுவது யாதெனில், வெந்த இடத்தை உடனே ஓடுகின்ற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுதலே. பனிக்கட்டி ஆகாது. வீக்கம் காணுமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியை இழுத்தலும், கொப்புளத்தை உடைத்தலும் கூடா. சுத்தமான துணியால் தளர மூடி, புண் வெந்தவருடைய உள்ளங்கையினும் பெரிதாயினும், முகம், கை, மூட்டு முதலிய இடங்களிற் பட்டதாயினும், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

வெட்டுக் காயத்திற்குக் காப்பிப் பொடியை அப்புவதும் நம் வீடுகளில் உண்டு. அது காயத்தினுள் அழுக்கைச் சேர்ப்பதேயாம். சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்துக. இடையிடையே எடுத்துப் பார்ப்பது நம்மவர் வழக்கம். உறைய ஆரம்பித்த இரத்தம் அதனால் மீண்டும் பெருகும். துணி நனைந்தால் அதன்மேலேயே வேறொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். மூக்கில் இரத்தம் வடியின் தலையை அண்ணாத்தல் தவறு. முன்புறம் குனிந்து, மூக்கின் மெதுவான பாகத்தைப் பிடித்துக்கொண்டு, வாயால் சுவாசிக்க வேண்டும்.

நாய்க்கடியை மாத்திரம் சிறு காயமென்று எண்ணற்க. சுண்ணாம்பும் மிளகாயும் வைத்துக் கட்டுவோர் இன்றும் உளர். சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைய தினமே ஊசி போட்டுக்கொள்ளச் செல்க. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1885-ஆம் வருஷத்திலேயே இதற்குத் தடுப்பு மருந்தைக் கண்டார். நம் குன்னூரில் அவர் பெயர் தாங்கிய நிலையம் 1907-ல் ஏற்பட்டது. நோய்க்குறி தோன்றிய பின் ஏறத்தாழ ஒருவரும் பிழைப்பதில்லை.

இனி நாடி. மூன்று விரல் வைத்து வாத பித்த கபங்களைச் சொல்லும் வித்தை வேறு. யான் சொல்வது வெறும் எண்ணிக்கை. பெருவிரலடியில், மணிக்கட்டின் மேல், இரு விரல்களை மெல்ல வைக்க. பெருவிரலால் பார்த்தல் ஆகாது. அதற்கே ஒரு துடிப்புண்டு. ஓய்ந்திருக்கும் பெரியோர்க்கு நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை. குழந்தைகளுக்கு அதனினும் மிகுதி. சுவாசம் பெரியோர்க்கு 12 முதல் 20. தாம் எண்ணப்படுவதை அறிந்தால் மனிதர் சுவாசத்தை மாற்றிக்கொள்வர். ஆதலின் நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு மார்பைக் கவனிக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை, அழாது அமைதியாயிருக்கையில், இருமலோடு நிமிஷத்திற்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுமாயின் அது வெறும் சளியன்று. வைத்தியரிடம் காட்ட வேண்டும். உஷ்ணமானியில் 100.4 டிகிரியும் அதற்கு மேலும் சுரமாம்.

அடிபட்டவர்க்கு நாடி விரைந்து மெலிந்து, உடல் குளிர்ந்து வியர்க்குமாயின், வெளியே இரத்தம் காணாவிடினும் உள்ளே ஆபத்துண்டென்று கருதுக. படுக்க வைத்துப் போர்த்தி, வாயில் ஒன்றும் கொடாமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு விண்ணப்பம். நம் சங்கத்துக் கலியாண மண்டபத்தில் வளைவு விளக்குகள் உள; ஆயிரம் பேர்க்குச் சமைக்கும் அடுக்களையில் ஒரு கட்டுத் துணியும் இல்லை. பஞ்சு, கட்டுத் துணி, கத்தரிக்கோல், உஷ்ணமானி கொண்ட ஒரு பெட்டியை நிர்வாக சபையார் இம்மாதமே வாங்கி வைப்பார்களாக. அதன் சாவி காரியதரிசியின் வீட்டிலிராமல் பெட்டியிலேயே தொங்க வேண்டும்.

இப்போது யாவரும் தத்தம் மணிக்கட்டில் விரல் வைப்பீர்களாக. அக்கிராசனர் கடிகாரம் பார்த்து அரை நிமிஷம் சொல்வார். எண்ணியதை இரட்டித்துக் கொள்ளுங்கள்.

(சபையோர் எண்ணினர்.)