18 வயதுக்குப் பின் ஒரு வீடு
(பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்டபோது மணிக்கூண்டு என்றனர் சிலர். லூர்து கெபி என்றனர் சிலர். ஆலயத்துக்குத் தெற்கே பூட்டிக் கிடக்கும் பழைய ஆசிரியர் குடியிருப்பை யாரும் நினைக்கவில்லை. அதைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைந்ததும் வெளியேற வேண்டும். நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளைக்குத் தாய்தான் இன்னும் சோறு போட்டுக் கொடுக்கிறாள். உற்றார் இல்லாத பிள்ளையோ ஒரு பெட்டியோடு வந்து, வேலையையும் வீட்டையும் ஒருங்கே தேட வேண்டும். வாடகைக்குக் கேட்டால், "சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?" என்பதே முதல் கேள்வி. முன்பணப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அரசு இதை அறியாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு இவர்களுக்கு உதவ வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 21 வயது வரையிலும், விசேஷ நிலைமைகளில் 23 வரையிலும் பின்பராமரிப்புக்கு இடம் தருகின்றன. 6 முதல் 8 பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் வீடுகளையும் குறிப்பிடுகின்றன. 2022-இன் மிஷன் வாத்சல்யா விதிமுறைகளில் மாதம் ரூ. 4,000 உதவி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்காரரிடம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமே!

புனித தொன் போஸ்கோ தூரின் நகரில் முதன்முதல் வைக்கோல் பரணில் தங்க வைத்த பையன்கள், விடிந்ததும் போர்வைகளோடு ஓடிவிட்டார்கள். (நம் பங்குப் பேரவையாயிருந்தால் அன்றே தீர்மானம் போட்டுக் கதவைச் சாத்தியிருப்போம்.) 1847 மே மாதத்தில், மழையில் நனைந்து ஓர் அநாதைக் கொத்து வேலைப் பையன் வந்தான். அவர் தாய் மார்கரீத்தா அம்மாள், பானை சட்டிகள் களவு போய்விடுமோ என்று அஞ்சியும், சமையலறையிலேயே செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்க வைத்தார். பின்னர் அங்கே தங்கியவர்கள் பகலில் பட்டறைகளுக்குப் போய் இரவில் திரும்பினார்கள். முதலாளிகளோடு ஒப்பந்தம் எழுதி, அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு வேண்டும் என்ற நிபந்தனைகளோடு தொன் போஸ்கோவே கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துத்தான் இங்கேயும் தேவைப்படுகிறது.

ஆசிரியர் குடியிருப்பில் ஆறு பையன்கள் தங்கலாம். மதம் கேட்கப் போவதில்லை. மாதம் ரூ. 500 வாங்குவோம், வெளியேறும் நாளில் முழுவதையும் அவர்கள் கையில் முன்பணமாகத் திருப்பிக் கொடுப்போம். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடியது. அவர்களுக்காக மடத்துச் சகோதரிகள் இரண்டு அறைகளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

"தெருவில் குமரிப் பிள்ளைகள் இருக்கிறார்களே, சாமி" என்று சிலர் தனியே வந்து சொன்னார்கள். அந்தக் கவலையைத் தள்ளிவிடவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பேற்க வேண்டும் என்கிறோம். மாதம் இருமுறை சாப்பாட்டுக்கு அழையுங்கள். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வேலைக்கோ வீட்டுக்கோ சாட்சி கேட்டால் உங்கள் பெயரைக் கொடுங்கள். நான்கு குடும்பங்கள் முன்வந்துவிட்டன. இன்னும் இரண்டு வேண்டும். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம்.