காணாப் புகை



நம் மலைநாட்டுப் பாதைகளே பழைய வானின் நோயைக் காட்டிவிடும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறக்கத்தில் நெடுந்தூரம் இறங்கி, மீண்டும் அக்சிலேட்டரை மிதித்ததும் நீலப்புகை எழுந்தால் வால்வு வழியே ஒயில் கசிகிறது. ஏற்றத்தில் விடாது எழுந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. கரும்புகை பெற்றோல் மிகுதியைக் காட்டும். 1868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிவதும் அதற்கொரு காரணம்.

இரவில் வானின் அடியில் அட்டை விரித்து, காலையில் கறை விழுந்த இடத்தைப் பார்ப்போம். சக்கரத்தருகே ஈரமானால் பிரேக் எண்ணெயாகலாம்; சோதியாமல் வண்டியை எடுக்கலாகாது.

காணும் புகையினும் காணாப் புகையே கொடிது. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குளிருக்குக் கண்ணாடிகளை மூடிச் செல்கையில் பிள்ளைகளுக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால், வளைவுகளின் மேல் பழி போடாது, உடனே நிறுத்தி அனைவரையும் வெளிக்காற்றில் இறக்குவோம். புகைக்குழாயைப் பழுது பார்த்த பின்னரே ஏற்றுவோமாக!