வீடு திரும்பிய பிறகும் வாங்கும் மூச்சு

சார்ஸ் நோய் சிங்கப்பூரை உலுக்கிய 2003ஆம் ஆண்டை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இங்கு 238 பேருக்கு அந்நோய் கண்டது. 33 பேர் மாண்டனர். நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் இருவர் தாதியர், மருத்துவர் உள்ளிட்ட சுகாதார ஊழியர்கள். மாண்டவர்களைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பிழைத்த 205 பேரைப் பற்றிய பேச்சு எழவில்லை. 2020இல் கொவிட்-19 வந்த பிறகுதான், நுரையீரலைத் தாக்கும் கடும் நோயிலிருந்து மீண்டவருக்கு என்ன தேவை என்பது வீட்டுக்கு வீடு எழும் கேள்வியாயிற்று.

மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. ஆனால் குளித்துவிட்டு வந்தவர் கட்டிலில் சாய்ந்து அரை மணி நேரம் மூச்சு வாங்குகிறார். மின்தூக்கி வரை நடப்பதற்குள் கால் நடுங்குகிறது. "டாக்டரே நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், இன்னும் என்ன?" என்று வீட்டில் யாரேனும் கேட்டால் அவர் மனம் ஒடிந்துபோகிறது.

டாக்டர் சொன்னதும் பொய்யல்ல, நோயாளி சொல்வதும் பொய்யல்ல. சார்ஸ் பரவிய மற்றொரு நகரான கனடாவின் டொரொண்டோவில், டாக்டர் மார்கரெட் ஹெரிட்ஜ் தலைமையிலான குழு நடத்திய ஆய்வொன்று அதே 2003இல் வெளிவந்தது. சார்ஸ் பரவுவதற்கு முன்பே, வேறு காரணங்களால் நுரையீரல் கடுமையாகச் செயலிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்த 109 பேரை அக்குழு ஓராண்டு கவனித்தது. அப்பிரிவைவிட்டு வெளிவந்தபோது அவர்கள் உடல் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தனர். 60 கிலோ உள்ளவர் என்றால் கிட்டத்தட்ட 11 கிலோ! ஓராண்டு முடிவில் பெரும்பாலோரின் நுரையீரல் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அவர்களால் நடக்க முடிந்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேரே. குறை தசையில் இருந்தது. சுவாசக் கருவியுடன் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும்போது, காலும் தோளும் மூச்சுத் தசைகளுமே கரைந்துபோகின்றன.

கரைந்த தசையை மருந்து மட்டும் மீட்டுத் தராது. உணவும் பயிற்சியும் வேண்டும். நம் வீடுகளில் நோயாளிக்குப் பத்தியம் என்று ரசமும் கஞ்சியும் மட்டுமே வாரக்கணக்கில் ஊட்டுவது அன்பினால்தான், என்றாலும் அது தசைக்குப் போதாது. வேறு நோய் காரணமாக மருத்துவர் தடுத்திருந்தாலன்றி முட்டை, மீன், பருப்பு, தயிர் தாராளமாகச் சேர வேண்டும். தொண்டையில் குழாய் இருந்தவர் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமினால் அதை அலட்சியம் செய்யலாகாது. விழுங்கும் திறனைச் சோதித்துப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக, ஆறு வாரமோ அதற்கு மேலோ நடக்கும். வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. மூக்கால் மூச்சிழுத்து, உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் மெல்ல விடவேண்டும். இழுத்த நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் விடுவது நல்லது. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் பாதிச் சிரமம் குறையும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம். 2021இல் டெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக வழங்கிய ஆக்சிமீட்டர் எங்காவது இழுப்பறையில் கிடந்தால் அதை எடுத்து விரலில் மாட்டலாம். நடக்க நடக்க பிராணவாயு அளவு இறங்கிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே அளவுப் பயிற்சி பொருந்தாது. கொவிட்டுக்குப் பின் சிலருக்கு, இன்று சற்று அதிகம் உழைத்தால் நாளையோ மறுநாளோ உடம்பு அடியோடு சோர்ந்துவிடுகிறது. அவர்களை "இன்னும் கொஞ்சம் நட" என்று விரட்டுவது தீங்கு. சார்ஸ் காலத்தில் ஸ்டீராய்டு மருந்து அதிகம் பெற்றவர்களில் சிலருக்கு இடுப்பு எலும்பு ரத்த ஓட்டமின்றிச் சிதைந்ததை ஹாங்காங், பெய்ச்சிங் மருத்துவர்கள் கண்டனர். ஆகவே, நோய் தீர்ந்து பல மாதம் கழித்து வரும் இடுப்பு வலியையும் சொல்லிவிட வேண்டும்.

மனத்தின் காயம் வெளியே தெரியாது. மயக்க மருந்தில் கண்ட பயங்கரக் காட்சிகளை உண்மையென நம்பி, இரவில் விளக்கை அணைக்க அஞ்சுவோர் உண்டு. தமக்குப் பைத்தியம் என்பார்களோ என்று அதை மனைவியிடம்கூடச் சொல்லாதவர்களும் உண்டு. அந்நாள்களில் நடந்ததைத் தாதியரும் உறவினரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, பிறகு நோயாளியிடம் தரும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. எது நடந்தது, எது கனவு என்று அவர் பிரித்தறிய அது உதவுகிறது.

வேலைக்குத் திரும்பும் நாளை முதலாளியும் குடும்ப மருத்துவரும் நோயாளியுடன் பேசி முடிவு செய்வது நல்லது. முதல் மாதம் அரை நாள் வேலை, பாரம் தூக்காத பணி, இடையில் உட்கார ஒரு நாற்காலி என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கண்முன் நிற்க, மருத்துவ விடுப்பு முடிந்த மறுநாளே முழு நேர வேலைக்கு ஓடி, இரண்டே வாரத்தில் மீண்டும் படுக்கையில் விழுவோர் இருக்கிறார்கள்.