மடியிலே ஒரு மடக்குக் கத்தி
(வானொலியில் பேசியது)



உரம், பூச்சி மருந்து, விதை நேர்த்தி என்று வாராவாரம் இந்த நேரத்தில் கேட்டு வருகிறீர்கள். இன்றைக்கு உங்கள் மடியிலோ, சட்டைப் பையிலோ, இல்லையென்றால் பரண் மேலே பழைய தகரப் பெட்டியிலோ கிடக்கிற ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மடக்குக் கத்தி. பேனாக்கத்தி என்றும் சொல்வோம்.

'இதைப் பற்றிப் பேச என்ன இருக்கு?' என்று நினைப்பீர்கள். என் பெட்டியில் இப்போது 41 கத்திகள் இருக்கின்றன. ஒன்றுகூட நான் கடையில் புதிதாக வாங்கியது கிடையாது. எல்லாம் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியதுதான். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு முட்டாள்தனத்தில் தொடங்கியது.

நமக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை விவசாயம். எங்க அப்பா வாலிபத்தில் கொஞ்ச காலம் தூத்துக்குடியில் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை பார்த்தவர். தோணிகள் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்த காலம் அது. ஒரு தோணித் தண்டல், கொழும்பிலிருந்து வந்த ஒரு மடக்குக் கத்தியை அப்பாவுக்குக் கொடுத்தார். பதிலுக்கு அப்பா கொடுத்தது ஒரு சிப்பம் கருப்பட்டி. இரண்டு அலகு, கறுப்புக் கொம்புப் பிடி. பிடியில் ஓரிடத்தில் கீறல் விட்டு, அதில் அப்பாவே அரக்கு உருக்கி ஊற்றி அடைத்திருந்தார். வாழை நார் அறுக்க, கயிறு வெட்ட, வெற்றிலைக் காம்பு கிள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான்.

1979-ல், எனக்கு 19 வயது. திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவில் ஒரு பையன் ஒரு கத்தியைக் காட்டினான். கத்தி மட்டுமா? கரண்டி, முள், மூடி திறக்கிற கொக்கி, கத்தரி, இன்னும் என்னென்னவோ, எட்டுச் சாமான் ஒரே பிடியில். பளபளவென்று மின்னியது. அன்றைக்கு அப்பாவின் கத்தி என் மடியில் இருந்தது. "மாத்திக்கிடுவோமாலே?" என்றான். மாற்றிக்கொண்டேன்.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வாழைக்கு முட்டுக் கொடுக்கும்போது கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த எட்டுச் சாமான் கத்தி மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. வில் தளர்ந்து, திறந்தால் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடியது. அதைப் பெட்டிக்குள் எறிந்தேன். என் பெட்டியில் விழுந்த முதல் கத்தி அதுதான். ஏமாந்தது எதில் என்று தெரிந்துகொள்ளத்தான் கத்திகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கத்தியை எப்படிப் பார்க்க வேண்டும்? பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் காதைக் கொடுங்கள். நல்ல கத்தியை நகக்குழியில் நகத்தை வைத்துத் திறந்தால், கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மடக்கும்போதும் அப்படித்தான். முதுகில் ஓடுகிற வில்லுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் அது தேய்ந்துபோன கத்தி. பிறகு மடக்கி வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அலகு நடுவில் படுக்க வேண்டும், பக்கத் தகட்டில் உரசக் கூடாது.

அதற்குப் பிறகுதான் எழுத்து. கீலுக்குப் பக்கத்தில் அலகின் அடியில் செய்தவர் பெயரும் ஊரும் பொடியாகப் பொறித்திருக்கும். எங்க அப்பா கத்தியில் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் இருந்தன. அது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை என்று மாற்றிக்கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1764-லேயே அவர்களுக்குக் கிடைத்த முத்திரை அது. அதே கம்பெனி 1822-ல் 1,822 அலகு வைத்து ஒரு கத்தி செய்து, பிறகு ஆண்டுக்கு ஓர் அலகு சேர்த்துக்கொண்டு வந்தது. மடியில் வைக்க முடியாது, அது வேறு விஷயம்!

முத்திரையை வைத்து வயதுகூட ஓரளவு சொல்லிவிடலாம். தன் நாட்டுக்குள் வருகிற சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1891 முதல் அது நடைமுறை. அதனால் 'இங்கிலாந்து' என்று பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில் செய்தது. அந்தப் பெயரில் நாடு இருந்ததே அவ்வளவு காலம்தான். ஜெர்மனியில் சோலிங்கன் நகரம் கத்திக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெயரைக் கண்டவர்கள் கத்தியில் போடக் கூடாது என்று 1938-ல் சட்டமே வந்தது. ஒரு பழைய கத்தியைக் கண்ணாடி வைத்துப் படித்து, இது எங்க தாத்தா காலத்தது என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, நிலக்கடலைச் செடியைப் பிடுங்கும்போது கொத்தாக வருகிற சந்தோஷம்தான் அதற்கு ஈடு.

பெயர்போன கத்தியெல்லாம் வெளிநாட்டில்தான் என்று நினைக்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் பொத்தானை அழுத்தினால் விரிகிற கத்தி செய்தார்கள். இந்திப் படத்து வில்லன்கள் கையில் பார்த்திருப்பீர்கள். 2023-ல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியையே சிலையாக வைத்தார்கள். விவசாயிக்கென்று பிறந்த கத்தி என்றால், 1890-ல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஒப்பினெல் என்பவர் செய்தது. மரப்பிடி, ஒரே அலகு, அவ்வளவுதான். இன்றைக்கும் விற்கிறது. நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகளை சென்னை எழும்பூர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தத் தாமிரபரணிக் கரைக்காரனுக்கு இரும்பு புதிது இல்லை.

இனி மாற்றுகிற விஷயம். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடையில்தான் எனக்குப் பாதிக் கத்தி கிடைத்தது. கப்பல்காரர்கள், தோணிக்காரர்கள், பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வருவார்கள். கயிற்றோடு பிழைக்கிறவனுக்குக் கத்தி ஆறாவது விரல் மாதிரி, ஆள் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். "அண்ணாச்சி, உங்க சாமானைக் காட்டுங்க" என்று ஆரம்பிக்கும். ஒரு கத்திக்கு மூன்று டீ, இரண்டு கதை. எந்த ஊர்த் துறைமுகத்தில் வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். கதையோடு வருகிற கத்திக்குத்தான் நான் மதிப்பு அதிகம் கொடுப்பேன். கதை பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, கத்தி மெய்யாக இருக்க வேண்டும்.

அமெரிக்க நாட்டுக் கிராமங்களில் இன்னொரு விதம் உண்டு. இரண்டு பேரும் கையை மூடிக்கொண்டு, உள்ளே என்ன கத்தி என்று காட்டாமலே மாற்றிக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நம் முத்துக்குளிப்புதான் ஞாபகம் வந்தது. இந்தக் கடலில் 1961-ல்தான் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அப்போதெல்லாம் சிப்பியை மூடியபடியே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா, யாருக்கும் தெரியாது. சில்லறையாக நாலு சிப்பி வாங்கினவர்கள் கரையிலேயே உட்கார்ந்து கத்தியால் பிளந்து பார்ப்பார்கள். அந்தத் துடிப்பு கை மூடி மாற்றுவதிலும் இருக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கு அது ஒத்துவராது. ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவன் நான். கண்ணால் பார்த்துத்தான் மாற்றுவேன்.

நான் வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான். என் கத்தியில் என்ன குறை என்று நானே முதலில் சொல்லிவிடுவேன். அலகு முறிந்து ஒட்டியிருந்தால், வில் மாற்றியிருந்தால், மறைக்க மாட்டேன். மாற்றின பிறகு ஒரு ராத்திரி வாய்தா. மறுநாள் பொழுது சாய்வதற்குள் மனசு மாறினால் திருப்பிக் கொண்டுவரலாம், கேள்வி கிடையாது. பணம் போட்டு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். விலை ஏறும், லாபம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஓர் ஆடு வாங்கிக் கட்டுங்கள். இன்னொன்று, கத்தியைக் கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் இதே பயம் உண்டாம். கத்தியை இனாமாக வாங்கினால் ஒரு செப்புக் காசாவது கொடுத்துவிடுவார்களாம்.

பிடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திகளில் மான்கொம்புப் பிடி உண்டு. நம் நாட்டுக் கடம்பை மானின் கொம்பு கப்பலேறிப் போய், கத்திப் பிடியாகித் திரும்பி வந்தது. இப்போது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான்கொம்புப் பொருளை வாங்குவதும் விற்பதும் குற்றம். அதனால் அப்படிப்பட்ட கத்தியை மாற்றுவதற்கு யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மாட்டு எலும்பையும் கொத்திக் குழி போட்டு மான்கொம்பு மாதிரி செய்வார்கள். குழிகள் வரிசை பிசகாமல் ஒரே அளவில் இருந்தால் அது எலும்பு. மேடும் பள்ளமும் தாறுமாறாக, பட்டை மாதிரி ஓடினால் கொம்பு.

சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு வந்துவிடும். வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்ததற்கு விலக்கு. நம் பேனாக்கத்தி மூன்று அங்குலம்தான். ஆனாலும் பொத்தான் கத்தி நமக்கு வேண்டாம். நம் ஜில்லாவில் கத்தி என்றாலே போலீஸ்காரர் புருவம் உயருகிறது, காரணம் உங்களுக்கே தெரியும். திருவிழாக் கூட்டத்துக்கு எந்தக் கத்தியும் கொண்டுபோகாதீர்கள். இளவட்டப் பையன்கள் முன்னால் விரித்து விளையாட்டுக் காட்டவும் வேண்டாம்.

பழைய கத்தி கிடைத்தால் முதல் காரியம், அதைச் சாணைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. சக்கரத்தில் பொறி பறக்கும்போது அலகு சூடேறி நீலம் பாய்ந்தால், போட்ட பதம் போயிற்று. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டுச் சாணைக்கல்லை நனைத்துக்கொண்டு, அலகின் முதுகு கல்லை விட்டு இரண்டு ரூபாய்க் காசு கனத்துக்குத் தூக்கியிருக்கும்படி பிடித்து, மெதுவாக இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். உப்பளக் காற்று அடிக்கிற ஊர் நம்முடையது, இரும்புக்கு எமன். நல்லெண்ணெய் விட்டால் நாளாவட்டத்தில் பிசின் பிடித்துக் கீல் இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு கீலில் விட்டு, அலகைத் துணியால் துடைத்து வையுங்கள். எலுமிச்சை அறுத்த அலகு கறுத்துப் போகும். அது துரு அல்ல, பயப்பட வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து தேய்ந்துபோகும்.

மொட்டுக் கட்டுகிற கத்தி வைத்திருப்பவர்கள், அதை மட்டும் மாற்றப் போகாதீர்கள். நாட்டு இலந்தையில் ஒட்டு இலந்தை மொட்டு வைப்பவர்களுக்குத் தெரியும், பட்டையை நெம்பித் தூக்க அதில் ஒரு எலும்பு நாக்கு இருக்கும். அதில் நாரும் கயிறும் அறுக்கக் கூடாது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது ஸ்பிரிட்டு தொட்டுத் துடைத்தால் நோய் பரவாது.

அப்பா கத்தியை விட்டுவிட்டேனே. 2001-ல் ஒரு கல்யாண வீடு. வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மடியிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். பிடியில் அரக்கு அடைத்த கீறல்! ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரேதான், திருவிழாப் பையன், தலை நரைத்துவிட்டது. சின்ன அலகு முறிந்து போயிருந்தது. பெரிய அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகியிருந்தது. ஆனால் 'டக்' சத்தம் அப்படியே இருந்தது.

என்னிடம் உள்ள நல்ல கத்தி ஐந்தைத் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "அண்ணாச்சி, அந்த எட்டுச் சாமான் கத்தி உங்ககிட்ட இருக்கா?" என்றார். "இருக்கு. ஆனா ஒண்ணுக்கும் ஆகாது" என்றேன். "அது எங்க மாமா சிங்கப்பூரிலேருந்து கொண்டாந்தது. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டிலே எனக்கு விழுந்த அடி எனக்குத்தான் தெரியும். அதைக் கொடுங்க, இதை எடுத்துக்கிடுங்க" என்றார்.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். துருப்பிடித்த அந்தக் கரண்டியை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய்தா எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அதைப் பார்க்க அப்பா இல்லை. அந்தக் கத்தியை நான் பெட்டியில் வைப்பது கிடையாது. நாளைக்கு வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை இருக்கிறது, அதைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.