தேதி இல்லாத சிறை
(வாலிபர் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மறியலில் கைதாகி 15 நாள் நானும் சிறையில் இருந்திருக்கிறேன். சோறு மோசம், கொசு அதிகம். ஆனாலும் சுவரில் கோடு கிழித்து நாளை எண்ணினோம். வெளியே போகும் தேதி எங்களுக்குத் தெரியும். அந்தத் தேதியே இல்லாத சிறையைப் பற்றி இன்று சொல்கிறேன்.

ஆஸ்திரேலிய சர்க்கார் 1992-ல் கொண்டுவந்த கட்டாயக் காவல், 1994 முதல் கால வரம்பே அற்றதாயிற்று. விசா இல்லாமல் வந்து அடைக்கலம் கேட்டவர்களை, குழந்தைகள் உள்பட, அடைத்தார்கள். இராக்கியர், ஆப்கானியர், ஈழத் தமிழர் எல்லோரும் அதில் அகப்பட்டார்கள்.

சிட்னியின் வில்லாவுட் முகாமில் ஆமெர் சுல்தான் என்ற இராக்கிய வைத்தியரும் அடைபட்டிருந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. ஒன்பது மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்த 33 பேரின் நிலையை, மனோதத்துவ நிபுணர் கெவின் ஓசல்லிவனுடன் சேர்ந்து 2001-ல் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். ஒருவர் நீங்கலாக அத்தனை பேரிடமும் மன வேதனையின் அறிகுறிகள் தென்பட்டன. மனுக்கள் தள்ளுபடியாக ஆக, அதிர்ச்சி சோர்வாயிற்று. சோர்வு முற்றி, எல்லோரையும் சந்தேகிக்கும் பீதியாயிற்று.

"யுத்தத்திலேயே மனம் உடைந்து வந்தவர்கள், முகாமின் மேல் ஏன் பழி?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2006-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொன்னது. சிட்னியில் வாழ்ந்த 241 மாண்டேய அகதிகளை விசாரித்தார்கள். பழைய கொடுமைகளையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அப்படியும், அதிக காலம் அடைபட்டவர்களுக்கே வியாதி கடுமையாக இருந்தது. விடுதலையாகிச் சராசரி மூன்று ஆண்டு கழிந்தும் அது தீரவில்லை.

உண்மை வெளிவந்தால் என்ன செய்வார்கள்? 2015-ல், முகாமில் கண்டதை ஊழியர் வெளியே சொன்னால் இரண்டாண்டுச் சிறை என்று சட்டம் போட்டார்கள். வைத்தியர்கள் எதிர்த்தார்கள், 2016-ல் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. 2023-ல் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றமே, நாடு கடத்த வழியில்லாதவரைக் காலவரையின்றி அடைப்பது செல்லாது என்றது.

தோழர்களே! நமது திருச்சி சிறப்பு முகாமிலும் தேதி தெரியாமல் மனிதர் காத்துக் கிடந்ததுண்டு, உண்ணாவிரதம் இருந்ததுண்டு. கோஷம் மட்டும் போதாது. கம்பிக்குள் இருந்தபடியே அந்த வைத்தியர் கணக்கெடுத்தார். வெளியே இருக்கும் நாம், எத்தனை பேர், எத்தனை நாள், எந்த நிலையில் என்று கேட்டு எழுதக் கற்க வேண்டாமா?