ஊர்நல மன்றம் நமக்கு ஏன் வேண்டும்?

(பங்கின் ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயிலுக்கு வண்ணம் பூசுவதும் மலர் வெளியிடுவதும் ஜூபிலிக்கு உரியவைதாம். இன்று கோயில் வாசலைத் தாண்டி நம் தெருவைப் பற்றியும் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழகத்தில் ஆழிப்பேரலை கொண்டுபோன உயிர்களில் பெரும்பகுதி, ஆறாயிரத்துக்கும் மேல், நம் நாகை மாவட்டத்தில் போனவை. அன்று நாகூர் தர்காவில் அடைக்கலம் புகுந்தவர்களை நீ எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் யோசிக்க வேண்டும். 2005 மார்ச் 30-இல் அரசாணை 172 வந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தோர் அப்பால் வந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். வர மனமில்லாதவர் இருக்கும் இடத்தில் சொந்தச் செலவில் செப்பனிட்டுக்கொள்ளலாம், உதவி கிடையாது. உயிரைக் காக்கும் நோக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வலையும் படகும் கரையில், குடும்பம் தொலைவில் என்றால் பிழைப்பு என்னாவது? மீனவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது, அதிகாரிகளிடம் பேசியது. அந்தப் பஞ்சாயத்திலும் பெண்களுக்கு இடமில்லை. உப்புநீர் புகுந்த வயல்களை நம்பியிருந்த விவசாயக் கூலிகளுக்கோ பேசுவதற்கு ஓர் அமைப்பே இல்லை. கேட்கத் தெரியாதவர் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

நாகூர் தனி ஊராட்சி அல்ல; நாகப்பட்டினம் நகராட்சிக்குள் அடங்கியது. ஆகவே நமக்குக் கிராம சபை கிடையாது. 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தமும் மூன்று லட்சம் மக்களுக்குக் குறையாத நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் என்ற ஒன்று 2022 நவம்பர் 1-ஆம் தேதிதான் முதன்முதலாக நடந்தது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போய் என்ன பேசுவது என்பதை நாம் முன்கூட்டிக் கூடி முடிவு செய்திருக்க வேண்டாமா?

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு நகருக்கு முழுமைத் திட்டம் தயாரானால் அதை அறிவித்து, ஆட்சேபனை எழுதித் தர மக்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு அரசிதழில் வரும். நம்மில் அரசிதழ் படிப்பவர் எத்தனை பேர்? (கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கடைசி வரி மட்டும் பார்ப்பவர்கள் நாம்.) அதைக் கவனித்து ஊருக்குச் சொல்ல இரண்டு பேராவது வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குடையும் நோட்டுமாகத் தெருத்தெருவாக நடப்போம். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சாக்கடை அடைகிறது, வெட்டாற்றுப் பக்கம் எவர் வீட்டில் முதலில் நீர் ஏறுகிறது என்று ஒரு படம் வரைவோம். கந்தூரிக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நெரிசலில் சுனாமி எச்சரிக்கை வந்தால் எந்தச் சந்து வழியாக வெளியேறுவது? இதைப் பங்கு மக்கள் மட்டும் தனியே வரைய முடியாது. தர்காவைச் சுற்றியுள்ள கடைக்காரர்கள், மீன் விற்கும் பெண்கள், பட்டினச்சேரி மீனவர்கள் எல்லாரும் வர வேண்டும். மன்றத்தின் தலைவர் நம் பங்கைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுவோம்.

முதற்கூட்டத்தை நம் பங்கு மண்டபத்தில் வைக்க வேண்டாம். பொதுவான ஒரு பள்ளிக்கூடம் போதும். ஞாயிறு காலை நமக்குத் திருப்பலி, வெள்ளி மதியம் அவர்களுக்கு ஜும்ஆ, காலை வேளை மீன் விற்கும் பெண்களுக்குச் சந்தை. சனிக்கிழமை மாலை ஐந்து மணி எல்லாருக்கும் தோதுப்படுமா என்று இந்த வாரமே வீடு வீடாகக் கேட்டு வருவோம்.